பிரெய்டு நூல் சுத்தமாக வெட்டுப்படவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பை நகவெட்டியில் வைத்து ஒரு கடி கடித்தால் போதும், துண்டாகிவிடும். அதே நகவெட்டி 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டை நசுக்கிவிட்டு அப்படியே நிற்கும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல்தான் பிரெய்டு. இழை ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது, ஆனால் மிக உறுதியானது, நன்றாக வழுக்கக்கூடியது. நசுக்கினால் அறாது. நழுவவிட்டால் அலகுகளுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும். அதனால் "கத்தரி மொக்கையாகிவிட்டது" என்று புதிது வாங்கக் கிளம்பும் முன், நூலை நழுவவிடாமல் பிடிக்கக் கருவியால் முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் பெரும்பாலும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வருகிறது, செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

எதற்கும் முன் ஒரு சோதனை

ரீலில் இருக்கும் பிரெய்டிலேயே 30 செ.மீ. எடுங்கள். ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையை இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டு, கத்தரியின் நடுப்பகுதியால் ஒரே வெட்டு. அடுத்து, நூலைத் தொய்வாகத் தொங்கவிட்டு இன்னொரு வெட்டு.

- இரண்டிலும் சுத்தமாக அறுந்தால் கருவி நன்றாக இருக்கிறது. வெட்டும் முறையில்தான் பிசகு. அறிகுறி 1, 4 பாருங்கள்.
- விறைப்பில் அறுந்து தொய்வில் மடங்கினால் அலகுகள் ஒன்றையொன்று சரியாக உரசவில்லை. அறிகுறி 2.
- இரண்டிலும் அறவில்லை என்றால் அறிகுறி 3.

அறிகுறி 1: வெட்டிய முனை பஞ்சாகப் பிரிகிறது

முனையை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். இழைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்து, முனை மட்டும் விரிந்திருக்கிறதா? அப்படியானால் வெட்டு நல்ல வெட்டுதான், பின்னல் தளர்ந்திருக்கிறது. சில இழைகள் மட்டும் 4, 5 மி.மீ. நீண்டு துருத்திக்கொண்டிருக்கின்றனவா? அந்த இழைகளை அலகு தவறவிட்டிருக்கிறது, கை இழுத்துப் பிய்த்திருக்கிறது. நேராக அறிகுறி 3க்குப் போங்கள்.

பின்னல் தளர்வதற்கு முதல் காரணம், காய்ந்த நூலைத் தொய்வாக வெட்டுவது. வெட்டப்போகும் இடத்தை நனையுங்கள். ஈரத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெட்டும் புள்ளிக்கு 1 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். மறுபக்கத்தை மற்ற விரல்களாலோ, எட்டாவிட்டால் பல்லுக்குப் பதிலாகக் கொக்கியில் மாட்டியோ விறைப்பாக்குங்கள். பல்லால் பிரெய்டைக் கடித்து இழுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நூல் அறாது, பல் பூச்சுதான் தேயும்.

இரண்டாவது காரணம் நூலின் வகை. 4 புரி பிரெய்டு முனையில் சீக்கிரம் பிரியும். 8 புரி சற்று அடக்கமாக இருக்கும். உள்ளே குழாயாக வெற்றிடம் விட்டுப் பின்னிய பிரெய்டு எந்தக் கத்தரியால் வெட்டினாலும் விரியும். அதற்கும் 80 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த நூலுக்கும் மாஸ்கிங் டேப்தான் வழி. 2 செ.மீ. டேப்பை நூலைச் சுற்றி இறுக்கி உருட்டி, டேப்பின் நடுவில் வெட்டுங்கள். இரண்டு முனையும் அடங்கியிருக்கும். முடிச்சுப் போடும் முன் டேப்பை உரித்துவிடலாம்.

கத்தியை முன்னும் பின்னும் அறுப்பதைப் போல இழுத்தாலும் முனை பிரியும். விறைப்பான நூலின்மேல் அலகை ஒரே திசையில் ஒருமுறை இழுத்தால் போதும்.

முனை நன்றாக இருந்தும் முள்ளின் வளையத்தில் நுழைய மறுக்கிறதென்றால், நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, நனைத்து, விரலில் ஒரு திருகு திருகி நுழையுங்கள். மிகச் சிறிய வளையமென்றால் மெல்லிய தங்கூசியை இரண்டாக மடித்து முதலில் அதை வளையத்துக்குள் விட்டு, அந்த மடிப்பில் பிரெய்டை மாட்டி இழுத்துவிடலாம். சூப்பர் க்ளூ தொட்டு முனையை விறைப்பாக்குவதும் உண்டு. பாலிஎத்திலீனில் அந்தப் பசை சரியாக ஒட்டாது, இழைகளுக்கு நடுவே ஊறிக் கெட்டியாகும், அவ்வளவுதான். நுழைந்த பிறகு அந்தக் கெட்டிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு முடிச்சுப் போடுங்கள்.

அறிகுறி 2: நூல் அறாமல் அலகுகளுக்கு நடுவே மடங்கிக்கொள்கிறது

*நீங்கள் இடதுகைக்காரரா?* வலதுகைக்குச் செய்த கத்தரியை இடதுகையில் பிடித்து அழுத்தும்போது அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். துணியில் இது அவ்வளவாகத் தெரியாது, பிரெய்டில் உடனே தெரியும். கத்தரியில் எந்தக் குறையும் இருக்காது. இடதுகைக் கத்தரி வாங்குங்கள், அல்லது எந்தக் கையிலும் ஒரேமாதிரி வெட்டும் தையல்காரரின் நூல் வெட்டிக்கு மாறுங்கள்.

*அலகில் பிசுக்கு இருக்கிறதா?* புது பிரெய்டின் சாயமும் பூச்சும் அலகின் உட்பக்கத்தில் படியும். துரு பிடிக்கக்கூடாது என்று அலகு முழுக்க எண்ணெய் பூசி வைத்தாலும் இதே கதிதான். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு இரண்டு அலகையும் உள்பக்கம் துடைத்துவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள்.

*திருகு தளர்ந்திருக்கிறதா?* கத்தரியை அகலத் திறந்து, ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து, மற்றதை விட்டுவிடுங்கள். தானாகக் கீழே விழும் அலகு பாதியிலோ முக்கால்வாசியிலோ நிற்க வேண்டும். டப்பென்று முழுதாக மூடிக்கொண்டால் இணைப்பு தளர்வு. திருகு இருந்தால் கால் சுற்று இறுக்கி மீண்டும் பாருங்கள். ஒரேயடியாக முழுச் சுற்று இறுக்கினால் அலகுகள் ஒன்றையொன்று செதுக்கும். ரிவெட் அடித்த கத்தரியென்றால், இரும்புக் கட்டைமேல் ரிவெட்டை வைத்துச் சிறு சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு. ரிவெட் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருந்தால் தட்ட முயலாதீர்கள், உடைந்துவிடும்.

*வளைவு போய்விட்டதா?* மூடிய கத்தரியை விளிம்புப் பக்கமாக வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நல்ல கத்தரியில் அலகுகள் நுனியில் தொட்டுக்கொண்டு, நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். அந்தச் சிறு வளைவுதான் வெட்டும் புள்ளியில் அலகுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. நுனிகள் தொடாமல் விலகியிருந்தாலோ, நடுவில் கீற்றே தெரியாமல் தட்டையாக இருந்தாலோ வளைவு போய்விட்டது. கம்பியையோ தூண்டில் முள்ளையோ வெட்ட முயன்ற கத்தரிகளில் இதுதான் நடக்கும். விலை கொடுத்து வாங்கிய தையல் கத்தரியென்றால் சாணைக்காரரிடம் கொடுங்கள், வளைவை மீட்டுக் கொடுப்பார். மலிவுக் கத்தரிக்கு அந்தக் கூலி வீண்.

அறிகுறி 3: பாதி இழைதான் அறுகிறது, மூன்று நான்கு முறை அழுத்த வேண்டியிருக்கிறது

இங்கே கருவிக்குக் கருவி காரணம் மாறும்.

*நகவெட்டி என்றால்:* இதில் அலகுகள் கத்தரியைப் போல ஒன்றையொன்று கடந்து போவதில்லை, நேருக்கு நேர் மோதுகின்றன. மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எந்த இடத்திலாவது வெளிச்சம் கசிந்தால் அங்கே பிரெய்டு அறாது. வெளிச்சம் தெரியாத இடம், பெரும்பாலும் ஒரு ஓரம், அங்கே வைத்து வெட்டிப் பாருங்கள். எல்லா இடமும் சரியாகத் தொட்டாலும் 20 பவுண்டு வரைக்கும்தான் நகவெட்டியை நம்பலாம். அதற்குமேல் நூல் தட்டையாகும், சில இழைகள் தப்பும். தங்கூசி, ஃப்ளோரோகார்பன் லீடர் (பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் நூல்) ஆகியவற்றின் வாலை, அதாவது முடிச்சுக்கு வெளியே நீளும் மிச்ச நூலை, ஒட்ட நறுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*கத்தரி என்றால்:* அறிகுறி 2இல் உள்ள நான்கையும் முடித்துவிட்டுத்தான் கூர்மைக்கு வர வேண்டும். அலகின் விளிம்பில் சிறிது பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே பொளிந்திருக்கிறது. சமமான அலகில் பஞ்சு மாட்டக்கூடாது. நுண்பற்கள் கொண்ட அலகில் சீராக எல்லா இடத்திலும் லேசாக மாட்ட வேண்டும்.

பிரெய்டுக்கு வழவழவென்று மெருகேற்றிய விளிம்பைவிடச் சற்றுச் சொரசொரப்பான விளிம்பே நன்றாகப் பிடிக்கும். வீட்டிலேயே தீட்டுவதென்றால் 400 முதல் 600 வரையிலான கிரிட் (சொரசொரப்பு எண்) கல்லில், அலகின் ஏற்கெனவே உள்ள சாய்வை மாற்றாமல், ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு போதும். உட்பக்கத் தட்டையான முகத்தைக் கல்லில் தேய்க்கவே கூடாது, வளைவு கெடும். பல்லுள்ள பிரெய்டுக் கத்தரியைச் சாணைக்குக் கொடுக்கும்போது, "பல் இருக்கிற அலகைத் தொடாதீங்க, மற்றதை மட்டும் தீட்டுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரண்டையும் வழவழப்பாக்கித் தருவார். கத்தரி கூராக இருக்கும், பிரெய்டு மட்டும் மடங்கும்.

செராமிக் கத்தரி பிரெய்டை அருமையாக வெட்டும், கடல் உப்பிலும் துருப்பிடிக்காது. ஆனால் படகுத் தளத்தில் ஒருமுறை விழுந்தால் விளிம்பு தெறிக்கும். வைரப் பூச்சுள்ள தீட்டுக்கருவி இல்லாமல் அதைத் தீட்ட முடியாது. தெறித்தது தெறித்ததுதான், மாற்றிவிடுங்கள்.

*பிளையரின் பக்கவாட்டுக் கட்டர் என்றால்:* பல மீன்பிடிப் பிளையர்களில் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் இரண்டு, சின்னத் திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். வாங்கியபோது நன்றாக வெட்டியது இப்போது வெட்டவில்லை என்றால், முதலில் கட்டருக்குள் சிக்கிய நூல் துணுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தள்ளி எடுங்கள். அடுத்து அந்தத் திருகுகள். கையால் அசைத்தாலே கட்டர் ஆடினால் இறுக்குங்கள். இறுக்கும்போது இரண்டு துண்டும் இடைவெளியின்றி உரசிக்கொள்ளுமாறு விரலால் உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் அறாவிட்டால் பஞ்சுச் சோதனை. கார்பைடு கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. முள்ளையோ ஸ்டீல் லீடரையோ அந்தக் கட்டரில் ஒரே ஒருமுறை வெட்டினாலும் பொளியும். மாற்றுத் துண்டு தனியாகக் கிடைக்கும் பிளையரென்றால் அதை மட்டும் மாற்றலாம். இதனால்தான் பிளையர் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல், கட்டரைத் தனியாகக் கழற்ற முடியுமா என்று கேட்கச் சொல்வது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் எதை வாங்குவது

கழிமுகத்தில் 10, 20 பவுண்டு நூலில் சிறு லூர் (செயற்கை இரை) வீசுபவருக்குத் தையல் பொருள் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் நூல் வெட்டியே போதும். விலை மிகக் குறைவு, சட்டைப்பையில் அடங்கும். எஃகு சாதாரணமானது என்பதால் உப்பில் சீக்கிரம் துருவேறும். இரண்டாக வாங்கி வைப்பதில் நஷ்டமில்லை.

கொடுவாவுக்கு 30 பவுண்டு, பாசிக்குளத்தில் விராலுக்குத் தவளை லூர் வீச 40, 50 பவுண்டு என்று போகிறவர்கள் ஒரு அலகிலாவது நுண்பற்கள் உள்ள பிரெய்டுக் கத்தரி வாங்க வேண்டும். அது கிடைக்காத ஊரில் ஒரு நல்ல மாற்று இருக்கிறது. ஃபைபர் இணையக் கேபிள் போடும் தொழிலாளர்கள் கேபிளுக்குள் இருக்கும் மஞ்சள் கெவ்லார் நாரை வெட்ட வைத்திருக்கும் கத்தரி. கெவ்லாரும் இதேபோல் அடம்பிடிக்கும் நார் என்பதால் அந்த அலகில் நுண்பற்கள் செதுக்கியிருப்பார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் கெவ்லார் கத்தரி என்று கேட்டுப் பாருங்கள். பாறை மீனுக்கு 80 பவுண்டு போடுபவருக்கும் அது தாங்கும். அந்த அளவு நூலுக்குக் கார்பைடு கட்டர் உள்ள பிளையரும் சரி.

அறிகுறி 4: முடிச்சின் வாலை வெட்டியதும் முடிச்சு நழுவுகிறது, அல்லது மீன் இழுத்ததும் முடிச்சருகே அறுகிறது

நழுவினால் காரணம் இரண்டே. முழுதாக இறுக்கும் முன்பே வெட்டியிருப்பீர்கள், அல்லது மிகவும் ஒட்ட வெட்டியிருப்பீர்கள். நனைத்து, ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) அளவுக்கு இழுத்து இறுக்கிப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். பாலோமர், யூனி முடிச்சுகளில் 3 முதல் 5 மி.மீ. வால் விடுங்கள். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சில் கடைசிக் கட்டுகளெல்லாம் இறுகிய பின் பிரெய்டின் வாலை 1, 2 மி.மீ. வரை ஒட்ட வெட்டலாம்.

அறுந்தால், வாலை வெட்டும்போது மெயின் லைனில் (ரீலிலிருந்து வரும் நூலில்) அலகு பட்டிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். 4 புரி நூலில் ஒரு புரி அறுந்தால் குறைந்தது கால்பங்கு பலம் போகும். மிச்சப் புரிகள் சுமையைச் சமமாகத் தாங்காது என்பதால் உண்மையில் அதைவிட அதிகமே போகும். விளக்கொளியில் கறுப்புத் துணிமேல் முடிச்சுக்கு மேலுள்ள 5 செ.மீ. நூலை வைத்து, நகத்தால் மெல்ல வருடுங்கள். ஒரு இழை நிமிர்ந்தாலும் அந்த முடிச்சு வேண்டாம். வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இதில் தயவே காட்டாதீர்கள், மீன் வாயில் முள்ளோடு போய்விடும்.

திரும்ப நடக்காமலிருக்க: மெயின் லைனையும் முடிச்சையும் இடதுகைக் கட்டைவிரலுக்கு அடியில் மறைத்துவிட்டு, வாலை மட்டும் எதிர்த்திசையில் விறைப்பாக இழுத்து, அலகின் நுனி மெயின் லைனுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி வெட்டுங்கள். வெட்டுவது நுனியின் கடைசி 1 செ.மீ. மட்டும்.

அறிகுறி 5: லைட்டர் காட்டிய பின் முனையில் உருண்டை, அல்லது முடிச்சு பட்டென்று விடுகிறது

இந்த இழை ஏறத்தாழ 145 முதல் 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். லைட்டர் சுடரோ அதைப்போலப் பல மடங்கு சூடு. வாலைத் தொட்ட சுடர் கடற்காற்றில் ஒரு கணம் வளைந்தாலே முடிச்சின் உள்புரிகள் வெந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. நூல் கெட்டியாகவோ, நிறம் மங்கியோ, கண்ணாடி போல விறைத்தோ இருந்தால் அங்கிருந்து 10 செ.மீ. மேலே வெட்டிப் புது முடிச்சுப் போடுங்கள்.

லைட்டர் வேண்டுமானால் ஃப்ளோரோகார்பன் லீடரின் வாலில் குமிழ் உண்டாக்கப் பயன்படுத்துங்கள், அதுவும் பிரெய்டைச் சுற்றுவதற்கு முன். சும்மா கிடக்கும் பிரெய்டு முனையை அடைக்க மட்டும் சுடரின் பக்கவாட்டில் 1 செ.மீ. தள்ளிக் காட்டலாம். உருகியதை வெறும் விரலால் உருட்டாதீர்கள், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

அறிகுறி 6: கடலுக்குப் போய் வந்த கருவி திறக்க மறுக்கிறது

அன்றே நல்ல தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி, துடைத்து, இணைப்பில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். ஏற்கெனவே இறுகிவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு எண்ணெய் விட்டு மெல்ல அசையுங்கள். கைப்பிடியை நெம்பாதீர்கள். அலுமினியப் பிளையரில் எஃகு ஊசி இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. அசைந்தாலும் அதன் ஆயுள் குறுகியதே.

அறிகுறி 7: பிரெய்டு விரலில் சுற்றி இறுகிவிட்டது

சுற்றைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். முதலில் விறைப்பைத் தளர்த்துங்கள்: டிராக்கைத் திறந்துவிடுங்கள், அதற்கு நேரமில்லையென்றால் விரலுக்கும் மீனுக்கும் நடுவே உள்ள விறைப்பான நூலில் கத்தியைத் தொடுங்கள். விறைப்பான பிரெய்டு கத்தி பட்டதுமே அறும். தளர்ந்ததும் ஒவ்வொரு சுற்றாக எடுக்கலாம். தோலை ஒட்டியுள்ளதை வெட்ட, கட்டுத்துணி வெட்டும் மழுங்கிய நுனிக் கத்தரி மட்டும். கூர்நுனிக் கத்தரி வேண்டாம்.

10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், விரல்நுனி மரத்துப் போனால் அல்லது வெளுத்தே இருந்தால், விரலை மடக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை. தசைநாண் அறுந்திருக்கலாம். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பாறையில் சிக்கிய லூரை இழுக்கும்போது கையில் நூலைச் சுற்றுவதால்தான் இது அதிகம் நடக்கிறது. 2, 3 செ.மீ. தடிப்பும் ஒரு சாண் நீளமும் உள்ள மரத்துண்டு ஒன்றைப் பெட்டியில் போட்டுவையுங்கள். நூலை அதில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேராகப் பின்னால் நடந்து இழுங்கள்.

அறிகுறி 8: அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது

எஞ்சினை நிறுத்தி, நிறுத்து-சுவிட்சின் கயிற்றைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் மூடியையும் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வெளியே தெரியும் நூலைச் சுழன்றதற்கு எதிர்த்திசையில் பிரித்து, துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

அதோடு விட்டுவிடக்கூடாது. பிரெய்டு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டைச் சுற்றிப் புதைந்து, அங்குள்ள ரப்பர் ஆயில் சீலை அரிக்கும். கரைக்கு வந்ததும் ப்ரொப்பெல்லர் சுற்றாமலிருக்க ஒரு மரக்கட்டையை அணைகொடுத்து, காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி), நட்டு, வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்துவிட்டு, ப்ரொப்பெல்லரை உருவுங்கள். தண்டில் கிடக்கும் நூலைப் பிளேடின் விளிம்பை வெளிநோக்கி வைத்து அறுங்கள். சீல் பக்கம் பிளேடு போகவே கூடாது. மாட்டும்போது புது காட்டர் பின் போடுங்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் இரவெல்லாம் நிமிர்ந்து நின்றபின், கியர் பெட்டியின் அடித்திருகை லேசாகத் தளர்த்திச் சில சொட்டுகளைப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக வந்தால் இறுக்கிவிட்டுப் போகலாம். முதலில் தண்ணீர் வந்தாலோ, பாலைப் போல வெளுத்து வந்தாலோ சீல் போய்விட்டது. அந்த எஞ்சினை அதற்குமேல் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சீலை மாற்றி, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே தள்ளிப்போட்டால் சீல் விலையில் முடிய வேண்டியது பேரிங், கியர் வரை போய்விடும்.